குவாதலூப்பில் விடுமுறை: சமையல் சாமானுக்கு எங்கே போவது, எதைக் கட்டிக்கொண்டு போவது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தை மாதத்தில் இரண்டு கிழமை, கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் நின்றுவிட்டு வந்தோம். பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர், சமையலறையோடு ஒரு வாடகை வீடு. பரிஸுக்குத் திரும்பியதிலிருந்து சொந்தக்காரரும் வேலையிடத்துத் தமிழர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கடற்கரை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "அங்கே அரிசி கிடைக்குமா?" இதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

அதுவும் பிரான்ஸ்தானே, பரிஸ் விலைதானே இருக்கும்?

பிரான்ஸ்தான். யூரோதான். கடைப் பெயர்களும் பழகிய பெயர்கள்தான். விலைதான் வேறு. பிரான்சின் புள்ளிவிவர நிறுவனமான இன்சே 2022இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குவாதலூப்பில் உணவுப் பொருள்களின் விலை பெருநிலப் பிரான்சைவிட 42% அதிகமாக இருந்தது. இத்தனைக்கும் அங்கே விற்பனை வரி குறைவு. பொதுவான வரி பரிஸில் 20%, அங்கே 8.5%.

பிறகு ஏன் விலை ஏறுகிறது? கடை அலுமாரியில் இருப்பதில் பெரும்பகுதி கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர் கடல் கடந்து கப்பலில் வருகிறது. துறைமுகத்தில் 'ஒக்த்ருவா த மேர்' என்ற பழைய கடல்வரி அதன்மேல் ஏறுகிறது. இறக்குமதி செய்பவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுக்கிறது. சின்னச் சந்தை என்பதால் போட்டியும் குறைவு. அந்த ஊர்ச் சனத்துக்கு இது ஆறாத கோபம். 2009இல் விலைவாசியை எதிர்த்து 44 நாள் பொதுவேலைநிறுத்தம் செய்து தீவையே நிறுத்தினார்கள். பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் 2024இல் இதே காரணத்துக்காகத் தெருவில் இறங்கினார்கள். இரண்டு கிழமைக்குப் போகும் நமக்கு அது கொஞ்சம் கூடுதல் செலவு. அங்கேயே உழைத்து வாழ்பவருக்கு அது வயிற்றுப்பாடு. கடையில் நின்று விலையைப் பார்த்துச் சத்தமாகப் புலம்புவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. (நான் முதல் நாள் புலம்பினேன். வரிசையில் பின்னால் நின்ற அம்மா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.)

கப்பலில் வந்ததை வாங்கினால்தான் பணம் கரையும். மண்ணிலும் கடலிலும் கிடைப்பதை வாங்கினால் அவ்வளவு வலிக்காது. அப்புறம், அங்கே மண்ணில் விளைவது பெரும்பாலும் நம்முடைய சாப்பாடு.

விமானத்தால் இறங்கிய அன்று என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய் இறங்காதீர்கள். நாங்கள் இறங்கினோம். பெரிய கடைகள் ஞாயிறன்று மத்தியானத்தோடு பூட்டிவிடும், சில திறப்பதே இல்லை. அந்த இரவு பெற்றோல் நிலையத்துக் கடையில் வாங்கிய பாணும் ஒரு டின் சூரை மீனும்தான் எங்கள் சாப்பாடு. என் அம்மா கைப்பையிலிருந்து மிக்சர் பை ஒன்றை எடுத்துக் கொடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

வேறு வழி இல்லாமல் ஞாயிறு பறப்பவர்கள், வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தண்ணீர்ப் போத்தல், பால், பாண், முட்டை வாங்கி வைக்கச் சொன்னால் பலர் செய்து கொடுக்கிறார்கள்.

விடுமுறை நாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெருநிலப் பிரான்சில் இல்லாத விடுமுறைகள் அங்கே உண்டு. மே 27 அடிமைமுறை ஒழிப்பு நாள். கார்னிவல் உச்சத்துக்கு வரும் நாள்களிலும் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலிலிருந்து என்ன கட்டிக்கொண்டு போகலாம்?

வறுத்து அரைத்த கறித்தூள், மல்லித்தூள், பெருஞ்சீரகம், துவரம்பருப்பு, உளுந்து, இடியப்ப மா, நல்லெண்ணெய் ஒரு சின்னப் போத்தல். இவ்வளவும் போதும். பாஸ்மதி அரிசி பெரிய கடைகளில் உண்டு, மைசூர்ப் பருப்பும் உண்டு, தேங்காய்ப்பாலுக்குப் பஞ்சமே இல்லை. அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு பறக்காதீர்கள்.

பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் என்று எதையும் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். பயிர்நோய் பரவாமல் தடுக்கும் சட்டத்தின் கண்ணில், குவாதலூப்பும் பெருநிலப் பிரான்சும் ஒன்றுக்கொன்று வெளிநாடு மாதிரி. ஊரிலிருந்து, அதாவது இலங்கை இந்தியாவிலிருந்து நேராக வருபவர்கள் என்றால் இறைச்சி, இறைச்சி கலந்த சாப்பாடு, நெய், பால் எதையும் கொண்டுவர முடியாது.

மின்சாரம் பரிஸ் மாதிரியே 230 வோல்ட், செருகியும் அதே. ஆகவே சோறு அவிக்கும் குக்கரைக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம். அம்மா கொண்டுவந்தார். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது, மூன்றாம் நாள் அதைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

பெரிய சாமான்களை எங்கே வாங்குவது?

விமான நிலையத்துக்கு அருகே, பே-மாஓ என்ற இடத்தில் டெஸ்த்ரலாண்ட் வணிக வளாகம் இருக்கிறது. அங்கே உள்ள கார்ஃபூர் பேரங்காடியில் எல்லாம் கிடைக்கும். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய் முதல் மூன்று நாளுக்கு வேண்டியதை ஏற்றிக்கொண்டு வீடு போவதுதான் பலரும் செய்வது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்தப் பக்கத்து வீதிகளில் கார்கள் நகராது, அதற்கு முன் வேலையை முடியுங்கள். ஊருக்கு ஊர் லீடர் பிரைஸ் மாதிரிச் சின்னக் கடைகளும் உண்டு.

அலுமாரி விலைச்சீட்டில் பி.க்யூ.பி. என்ற மூன்று எழுத்தைத் தேடுங்கள். 2012இல் வந்த சட்டத்தின்படி, அன்றாடச் சாமான்களுக்கான ஒரு கூடையின் மொத்த விலைக்கு ஆண்டுதோறும் பேசி ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். அந்தக் கூடையில் உள்ள பொருளுக்குத்தான் இந்த அடையாளம். அரிசி, எண்ணெய், பால், பிள்ளைகளின் நாப்கின் என்று பலதும் அதில் வரும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் விக்தொரான் லுரேல் குவாதலூப்காரர்தான்.

தெருமூலையில் 'லோலோ' என்று சொல்லும் பெட்டிக்கடைகளும் இருக்கின்றன. வெங்காயம், தீப்பெட்டி, ஒரு போத்தல் எண்ணெய் என்று அவசரத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.

பெற்றோல் எங்கே மலிவு என்று தேடி அலைய வேண்டாம். அரசாங்கப் பிரதிநிதியான ப்ரெஃபே விலையை நிர்ணயிப்பதால் எல்லா நிலையத்திலும் உச்சவிலை ஒன்றுதான்.

சந்தைக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும், என்ன வாங்க வேண்டும்?

முதலில் 'போன்ஜூர்' சொல்ல வேண்டும். மத்தியானம் தாண்டிவிட்டால் 'போன்சுவார்'. வணக்கம் சொல்லாமல் "இது எவ்வளவு?" என்று தொடங்கினால், அந்த அம்மா உங்களைப் பார்க்காதது மாதிரி வெங்காயத்தாளைக் கட்டிக்கொண்டே இருப்பார். பரிஸ் அவசரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

புவான்தாபித்ர் நகரில் இரண்டு சந்தைகள் முக்கியம். சான்த்-அந்துவான் சந்தை இரும்புக் கூரைக்குக் கீழே, வாசனைத் திரவியங்களால் நிறைந்தது. கறுவா, சாதிக்காய், வனிலா எல்லாம் அங்கே. பயணிகள் குவியும் இடம், அதற்கேற்ற விலை. துறைமுக ஓரத்தில் உள்ள லா டார்ஸ் சந்தையில் மீனும் மரக்கறியும். நாங்கள் சமையலுக்கு வாங்கியது லா டார்ஸில், வாசனை பிடித்தது சான்த்-அந்துவானில். விற்கும் அம்மாக்களில் சிலர் உடுத்தியிருக்கும் கட்டம் போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்று பெயர். ஆம், சென்னைப் பட்டினத்திலிருந்து கப்பலேறிய துணியின் பெயர்தான். இன்று அது அந்தத் தீவுகளின் அடையாள உடை.

இனி மரக்கறி. இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

'இஞாம்' என்பது நம் இராசவள்ளிக்கிழங்கின் குடும்பம். ஒரு வகை அதே இனம். 'மதேர்' என்றால் சேம்பங்கிழங்கு. 'மனியோக்' மரவள்ளி. 'க்ரிஸ்தோஃபீன்' சவ்சவ். 'ஜிரோமோன்' பூசணி. 'கோம்போ' வெண்டிக்காய். 'ஃப்ருயீ-ஆ-பான்' ஈரப்பலாக்காய். இதை அம்மா பார்த்ததும் சந்தையிலேயே கைதட்டினார். பாகற்காயை அங்கே 'பவோகா' என்கிறார்கள். ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அது எங்கிருந்து போன சொல் என்று தெரியும்.

மார்கழி, தையில் போனால் 'புவா தாங்கோல்' என்று பச்சையாக உரித்த பயறு விற்பார்கள். அது துவரைதான், காயாமல் பச்சையாக. நத்தாருக்குப் பன்றி இறைச்சியோடு இதைச் சமைப்பது அவர்களுடைய வழக்கம். நாங்கள் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக வைத்தோம். இரண்டு கிழமையில் ஐந்து தரம் வைத்தோம் என்று நினைக்கிறேன்.

பழங்களில் 'கொரொசோல்' என்ற முள்ளுச் சீத்தா, 'மராகுஜா' என்ற பாசன் பழம், கொய்யா, நீண்டு ஒடுங்கிய உள்ளூர் அன்னாசி. மாம்பழத்துக்காகவே போகிறவர்கள் தையில் போகாதீர்கள்; சித்திரை பிறந்தபின் போங்கள். நாங்கள் இதை விசாரிக்காமல் போய் ஏமாந்தோம்.

தீவில் விளையாத ஆப்பிள், திராட்சையைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், விலையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டு நாலு மட்டும் வாங்குங்கள்.

பச்சைக் கொச்சிக்காய் கிடைக்குமா? உறைப்பு போதுமா?

'போந்தா மான் ழாக்' என்று ஒன்று இருக்கிறது. உருண்டு சுருங்கிய சின்னக் காய், மஞ்சள் அல்லது சிவப்பு. நாங்கள் ஊரில் உறைப்புச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்று வீரம் பேசி ஒரு முழுக்காயைச் சம்பலில் போட்டோம். அந்தச் சம்பலை யாரும் தொடவில்லை. கால்காய் போதும், விதையை எடுத்துவிடுங்கள். அதே உருவத்தில் 'பிமான் வெஜெத்தாரியான்' என்று இன்னொன்று விற்கிறது. வாசனை உண்டு, உறைப்பு இல்லை. வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குங்கள், பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம்.

கொலம்போத் தூள் என்பது நம் கறித்தூள்தானா?

உறவுக்காரத் தூள். மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு சேர்த்து அரைப்பது. சிலர் வறுத்த அரிசியும் சேர்ப்பார்கள். மிளகாய் இராது, அதைத் தனியாகப் போடுகிறார்கள். ஆகவே நம் வீட்டுத் தூளை எதிர்பார்த்துப் போட்டால் குழம்பு சப்பென்று இருக்கும். அவர்கள் செய்வது போலக் கோழியோடும் ஆட்டிறைச்சியோடும், தேசிக்காய்ப் புளி விட்டுச் செய்தால் அருமையாக வரும்.

இது எப்படி அங்கே போனது? அடிமைமுறை 1848இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் 24இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு புவான்தாபித்ரில் வந்து நின்றது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இன்று மொழி போய்விட்டது. தூளும் மாரியம்மனும் போகவில்லை. காபெஸ்தேர் பக்கம் சான்ஜி கோயிலைத் தாண்டிப் போவீர்கள், இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். தூளுக்குப் பெயர் கொழும்பிலிருந்து வந்ததா, குழம்பிலிருந்து வந்ததா என்று இரண்டு கட்சி உண்டு. அம்மா குழம்புக் கட்சி.

மீன்?

காலையில் போங்கள். லா டார்ஸில், அல்லது தேஎ, சான்-பிரான்சுவா போன்ற கரையோர ஊர்களின் படகுத்துறையில் நின்றால் மீனவரிடமே வாங்கலாம். சூரை, அறுக்குளா மாதிரியான 'தஸார்', சிவப்பு 'விவனோ' மூன்றும் நம் குழம்புக்குப் பொருந்தும். செதில் எடுத்து வெட்டித் தருவார்கள். தலையை எறியப்போனால் "வேண்டும், வேண்டும்" என்று சொல்லுங்கள். 'லாம்பி' என்ற சங்குச் சதை பெயர்போனது, ஆனால் அதை வருடம் முழுவதும் பிடிக்க விடுவதில்லை.

பெரிய சீலா மீனைத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். பவளப்பாறைப் பக்கம் மேயும் மீன்களை உண்டு கொழுத்த பெரிய மீன்களில் 'சிகுவாதெரா' என்ற நஞ்சு சேரும். சமைத்தாலும் அது போகாது.

குளோர்தெகோன் என்று பேசுகிறார்களே, கிழங்கு சாப்பிடலாமா?

சாப்பிடலாம், வாங்கும் இடம் பார்த்து. வாழையைத் துளைக்கும் வண்டுக்கு 1972 முதல் 1993 வரை அடித்த பூச்சிமருந்து அது. பெருநிலப் பிரான்சில் 1990இலேயே தடை வந்தும், தீவுகளில் மேலும் மூன்று வருடம் விட்டார்கள். மண்ணை விட்டு அது இலேசில் போவதில்லை. தீவின் மேற்குப் பாதியான பாஸ்-தேர் பகுதியின் தெற்கில், பழைய வாழைத்தோட்ட மண்ணில்தான் பாதிப்பு அதிகம். மண்ணுக்குள் விளையும் கிழங்குகளிலும், அந்த மண்ணில் மேயும் கோழியின் முட்டையிலும், அங்கே ஓடும் ஆற்று மீனிலும் அது சேரும். மரத்தில் காய்க்கும் பழத்துக்கு ஏறாது, வாழைப்பழத்துக்கும் ஏறாது. கடையிலும் முறையான சந்தையிலும் விற்பதைப் பரிசோதிக்கிறார்கள். தெற்குப் பக்க வீதியோரத்தில் எங்கே விளைந்தது என்று சொல்லாமல் விற்கும் கிழங்கை மட்டும் நாங்கள் தவிர்த்தோம்.

தண்ணீர்?

குழாயில் தண்ணீர் வரும், வராமலும் போகும். குழாய்கள் பழையவை, பாதிக்கு மேல் வழியிலேயே ஒழுகிப் போகிறது. பகுதி பகுதியாக நிறுத்தித் திறப்பதை 'தூர் தோ' என்கிறார்கள். வீடு பதிவு செய்யும்போதே "தண்ணீர்த் தொட்டி உண்டா?" என்று கேளுங்கள். நீச்சல் குளம் உண்டா என்பதைவிட இது முக்கியம். குடிக்க 'காபெஸ்', 'மத்துபா' இரண்டும் தீவின் ஊற்றுத் தண்ணீர். கப்பலில் வந்த பெயர்பெற்ற போத்தலைத் தேட வேண்டியதில்லை.

நுளம்பு மருந்து, வெயில் கிரீம், பிள்ளைகளின் சாமான்?

மூன்றையும் பரிஸில் வாங்கிக்கொண்டு போங்கள். டெங்கு வரும் இடம், நுளம்பு மருந்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மருந்துக்கடைகளில் எல்லாம் கிடைக்கும், உங்கள் வித்தால் அட்டையும் (பிரான்சின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) செல்லும். ஞாயிறன்று முறைக்கு ஒரு மருந்துக்கடைதான் திறந்திருக்கும்.

காசா, கார்டா?

கடைகளில் கார்டு. சந்தைக்கும் மீன்துறைக்கும் வீதியோரப் 'போக்கித்' கடைக்கும் சில்லறைக் காசு. போக்கித் என்பது எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் மீனோ கோழியோ வைத்துத் தருவது; சமைக்கச் சோம்பலான இரவுகளில் அதுதான் எங்கள் சாப்பாடு. சந்தையில் பேரம் பேசுவது அங்கே வழக்கமில்லை.

மரி-காலான்த், லே சென்த் போன்ற சின்னத் தீவுகளுக்குப் போனால்?

அங்கே போவது இன்னொரு கப்பல் பயணம், சாமானுக்கும் அப்படித்தான். தெரிவு குறைவு, விலை கூடுதல். ஒரு நாள் போய்வருபவர்கள் குளிர்பெட்டியில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு போங்கள். லே சென்தில் படகால் இறங்கியதும் 'தூர்மான் தமூர்' என்ற தேங்காய்ப் பணியாரத்தைக் கூடையில் விற்பார்கள். அதை மட்டும் அங்கேயே வாங்குங்கள்.

திரும்பும்போது என்ன கொண்டுவரலாம்?

கொலம்போத் தூள், காய்ந்த கறுவா, வனிலா, தீவின் கரும்புச் சர்க்கரை. பச்சைப் பழங்களில் வாழை, அன்னாசி, தேங்காய், பேரீச்சை, துரியான் ஐந்துக்கும் தாவரநலச் சான்றிதழ் வேண்டாம். மற்றவற்றுக்கு வேண்டும்; கொய்யாவையும் மாங்காயையும் மறைத்துக் கொண்டுவந்து பரிஸ் ஒர்லி விமான நிலையத்தில் மாட்டாதீர்கள். ரம் வாங்குபவர்களுக்கு: குவாதலூப் பிரான்சாக இருந்தாலும் வரிக்கணக்கில் வெளியூர், ஆளுக்கு ஒரு லீற்றர்தான். அன்னாசியைத் தலை வெட்டாமல் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் நடுவில் உடுப்புகளுக்கிடையே வைத்தோம். நாலில் மூன்று முழுதாக வந்து சேர்ந்தன, நாலாவது என் அக்காவின் வெள்ளைச் சட்டையில் இருக்கிறது.